சுகருக்கு மூணு பேர்

மும்பை சயானில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும்.

"காலைக் கழட்டிக் குடுங்க, நானே கொண்டுபோய்க் காட்டுதேன்" என்றார் மனைவி.

"என்னளா பேசுத?"

"பின்ன? ஒங்க சுகர டாக்டரு, சாப்பாட்டு மேடம், காலு சிஸ்டர்னு மூணு பேரு சேந்து பாக்காவ. டாக்டர்ட்ட ரிப்போர்ட்ட தம்பி காட்டுனான். மேடத்துட்ட நான் போனேன். சிஸ்டர் ஆளத்தான் வரச் சொல்லுதாவ."

"ஒரு சுகருக்கு மூணு பேரா? காலி பீலி, சும்மா வீணா அலையணும். பட்டறைய யாரு பாப்பா? காலுல வலியே கெடையாது. பாரு!"

செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு சின்ன ஆணி ஏறி, சுற்றிலும் ரத்தம் காய்ந்திருந்தது.

"இது எப்பங்க குத்துச்சு?"

"எது?" என்றார் அவர்.