பதினேழு அங்சானா மரங்கள்

வரைபடத்தில் என் பெயரையும் போடுங்கள் என்று கேட்டேன், அவ்வளவுதான். கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலை கிடைத்ததே பெரிது, வாயை மூடிக்கொண்டு இரு என்றாள்.

1993-இல் ஜெலுத்தோங் வட்டாரத் தெருவிளக்குத் திட்டத்தைக் கணினியில் செய்தது நான். கம்பம் கம்பமாகப் போய் அளந்தேன், எண்களை ஏற்றினேன். இருட்டியபின் தெரு எப்படி இருக்கும் என்று திரை நிறத்தில் காட்டும். மஞ்சள் என்றால் வெளிச்சம். சிவப்பு என்றால் இருட்டு. சிவப்புத் தெருவுக்குத்தான் புது விளக்கு.

முதலாளி கனகசுந்தரம் சிரித்தார். "பட்டன் தட்டினதுக்கெல்லாம் பேர் போட்டா, தே தாரிக் டீ வாங்கிட்டு வர்றவனுக்கும் போடணும்லா."

வரைபடத்தில் அவர் பெயர் மட்டும் வந்தது. பெயர் அவருடையது என்றால் பிழையும் அவருடையதாக இருக்கட்டும். இதில் நியாயம் இல்லை என்று சொல்வீர்களா?

ஒரு சந்தில் விளக்குகளை மூடிக்கொண்டு பதினேழு அங்சானா மரங்கள். விடியுமுன் தொழிற்சாலை பஸ்ஸுக்கு அங்கே நிற்கும் நவமணிதான், நான் அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள். "லைட்டு இருக்குலா அக்கா. வெளிச்சந்தான் கீழ இறங்க மாட்டேங்குது."

மரங்களோடு கணக்குப் போட்டபோது சந்து சிவப்பாக இருந்தது. கடைசிப் பிரதியில் மரங்களை எடுத்துவிட்டேன். மஞ்சளானது; இனி அங்கே புது விளக்கு வராது. பார்க்க அழகாகவே இருந்தது.

யாராவது தடுக்கி விழுவார்கள், புகார் வரும், அவர் பெயர் கெடும். ஒரு கால் முறிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை.

ஐந்து மாதம் கழித்து, இன்னும் விடியாத காலை ஆறு மணிக்கு, அதே சந்தில் பின்னோக்கி வந்த லோரிக்காரனுக்கு நவமணி தெரியவில்லை. புதைக்கிற வரை அவள் அம்மா பக்கத்தில் நின்றேன்.

விசாரணை என்றதும் கனகசுந்தரம் என்னைக் கூப்பிட்டார். "உன் பேரையும் சேர்த்துடுறேம்மா. நீ கேட்டதுதானே." இரண்டு பிரதிகளும் இருந்த டிஸ்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன். இங்கே வருவதென்று அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர். ஏ. வள்ளிநாயகி. மரங்களை எடுத்தது நான் மட்டும். அவர் பெயர் இதில் எங்கேயும் வரக் கூடாது.