இருந்தபடியே விட்ட கேட்

அடுத்தவர் நிலத்தில் தேட அனுமதி கேட்கப் போகிறவன் முதலில் பூட்ஸைத் துடைத்துக்கொள்ள வேண்டும், மேடம். மெட்டல் டிடெக்டரைக் கையில் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அது காரிலேயே கிடக்கட்டும். தொப்பியைக் கழற்றிவிட்டு, இந்த வருஷம் பார்லி எப்படி என்று விசாரிக்க வேண்டும். விவசாயி புலம்பி முடிக்கும்வரை பொறுமையாகத் தலையாட்டினாலே பாதி அனுமதி கிடைத்த மாதிரி. எடுத்த எடுப்பில் ரோமானியக் காசைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேல்தான் எங்கள் லிங்கன்ஷயரில் நாயை ஏவி விடுகிறார்கள். என் மேல் யாரும் ஏவியதில்லை.

சிரில் மால்ட்பியிடம் நான் கேட்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிளம் ரொட்டி வாங்கிக்கொண்டு போய், அவருடைய மாட்டுக் கொட்டில் வாசலில் நின்று பேசிவிட்டு வருவேன். ஒரு நாள் அவரே ஆரம்பித்தார்.

"என்னப்பா நெவில், ரொட்டி குடுக்கவா இவ்வளவு தூரம் வர்ற? உன் கார்ல அந்தக் கம்பு கெடக்கறத நான் பாக்கலன்னு நெனச்சியா?"

பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். விதைத்த நிலத்தில் கால் வைக்கக் கூடாது. தோண்டிய குழியை மூடாமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. கடைசியாகச் சொன்னதை மட்டும் விரலை ஆட்டிச் சொன்னார்.

"கேட்டு தெறந்திருந்தா தெறந்தபடி விடு. சாத்தியிருந்தா சாத்திட்டுப் போ. நீ எப்படிப் பாத்தியோ அப்படியே இருக்கணும். அதுல உன் மூளையக் காட்டாத."

கை குலுக்கினோம். எங்கள் பக்கத்தில் அது பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி.

அவர் நிலத்தில் தேவாலய வயல் என்று ஒன்று உண்டு. எந்தக் காலத்திலோ அங்கே ஒரு சிறிய தேவாலயம் இருந்தது. இப்போது நடுவில் ஒரு மேடு, அவ்வளவுதான். அறுவடை முடிந்து அடுத்த விதைப்பு வரைக்கும் உள்ள சில வாரங்கள் அந்த வயல் எனக்கு. அங்கே யாத்ரீகர்கள் நெஞ்சில் குத்திக்கொண்ட ஈயச் சின்னங்கள் எடுத்திருக்கிறேன். இடுப்பு வார்க் கொக்கிகள், ராஜா தலை போட்ட வெள்ளிக் காசுகள் எடுத்திருக்கிறேன். ஒன்றையும் மறைத்ததில்லை. எல்லாவற்றையும் சிரிலின் சமையலறை மேஜையில் கொட்டிக் காட்டுவேன், பாதி அவருக்கு, அருங்காட்சியகத்திலும் சொல்லிவிடுவேன். என் மனைவி என்னை விட்டுப் போன வாரத்தில்கூட நான் ஒரு ஞாயிறு தவறவில்லை. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது அல்லவா.

போன குளிர்காலத்தில் சிரிலின் மகள் அலிசன் லீட்ஸ் நகரத்தை விட்டு வீட்டோடு வந்துவிட்டாள். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். பண்ணையை எப்படியாவது நிமிர்த்த வேண்டும் என்று ஓடிக்கொண்டே இருந்தாள். அந்த ஓட்டத்தில் அவளுக்கு வந்த யோசனைதான் அந்தத் திருவிழா. இரண்டு நாள், டிக்கெட் வாங்கிய யார் வேண்டுமானாலும் தேவாலய வயலில் இறங்கித் தோண்டலாம். நூற்றுக்கணக்கானவர்கள் வருவார்கள். பாதிப் பேர் குழியை மூட மாட்டார்கள்.

நான் மரியாதையாகத்தான் பேசினேன். அது சரித்திரம், சந்தை இல்லை என்றேன். அவள் சிரித்தாள்.

"உங்களுக்கு டிக்கெட்டே வேண்டாம் நெவில், எல்லாரோடயும் சேந்து நீங்களும் தோண்டுங்க. அந்த மேடு என்ன உங்க அப்பா வீட்டுச் சொத்தா?"

நானும் சிரித்தேன். சிரில் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ சொல்றதும் சரிதான்ப்பா. கொட்டில் கூரை ஒழுகுதே" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

தேவாலய வயலுக்கு அடுத்தது புல்வெளி. இரண்டுக்கும் நடுவில் ஒரு கேட். அந்த வாரம் புல்வெளியில் பசுக்கள் கன்று போட்டிருந்தன. கன்று போட்ட பசு மனிதரைக்கூட விட்டுவிடும், நாயை விடாது. நாயைப் பிடித்திருக்கும் கையையும் விடாது. சிரில் எனக்குச் சொல்லித் தந்தது இது. அலிசனுக்கும் தெரியும். அதனால் அவள் நாயோடு புல்வெளிப் பக்கமே போவதில்லை. கார் நிறுத்தும் இடங்களுக்குக் குச்சி நட, காலையில் தன் நாய் பிப்பைக் கூட்டிக்கொண்டு தேவாலய வயலுக்கு வருவாள். வீட்டுப் பக்கத்திலிருந்து வந்தால் மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது.

அன்று நான் சீக்கிரமே போய்விட்டேன். கேட் சாத்தியிருந்தது. திறந்து, வேலிக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினேன். புல்வெளியில் புல் தீர்ந்திருந்தது. வயலில் அறுத்த தாளுக்கு நடுவே சிந்திய பார்லி பச்சையாக முளைத்திருந்தது. பசுக்கள் தாமாகவே வந்தன. நான் ஒன்றையும் ஓட்டவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, காரில் மறந்துவிட்ட மண்வெட்டியை எடுக்க அந்த வழியாகத் திரும்பினேன். கேட் திறந்திருந்தது. திறந்தபடியே விட்டேன்.

வேலி ஓரத்தில் தேட ஆரம்பித்தேன். ஹெட்போன் போட்டால் வெளிச்சத்தம் கேட்காது என்பார்கள். என்னுடையது பழசு, கேட்கும். முதலில் பிப் குரைத்தது. பிறகு அலிசன் அப்பா என்று கூப்பிட்டாள். மேட்டு மேலிருந்து நான் அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும், பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போது என் காலடியில் ஒரு குழி திறந்து கிடந்தது. மண்ணைத் தள்ளி மூடினேன். மேலே பார்லித் தாளைப் பரப்பி, மிதித்துச் சமன் செய்தேன். உள்ளே கிடைத்தது ஒரு டிராக்டர் ஆணி.

நான் மேட்டைத் தாண்டிப் போனபோது பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் போலீஸ் ஆட்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள். அடக்கம் முடிந்த அன்று சிரில் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். தேநீர் ஊற்றினார். பாதி மேஜையில் சிந்தியது.

"விடியக்கால மாட்டப் பாத்துட்டு அந்த வழியாத்தான் வந்தேன் நெவில். கேட்டச் சாத்துனேனா இல்லையான்னு எனக்கே ஞாபகம் வரல. எம் மகள நானே கொன்னுட்டேன்ப்பா."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மறதி எல்லோருக்கும் வருவதுதான் என்று சொன்னேன். நிஜமாகவே எனக்கு வருத்தமாக இருந்தது. அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.

ஆனால் மறுவாரம் பிளம் ரொட்டியோடு போனபோது தேவாலய வயலுக்குச் சங்கிலி போட்டிருந்தார். யாரும் இனி உள்ளே போகக் கூடாதாம். "நீயும்தான்" என்றார். திருவிழா நின்றுபோனது, அது சரி. ஆனால் மகள் நினைவாக வயல் முழுக்க ஓக் மரம் வைக்கப் போகிறாராம், மரக்கன்றுகளுக்குச் சொல்லியாகிவிட்டது. ஓக் வேர் எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியுமா, மேடம்? அந்த மேட்டுக்குள் இருக்கிற ஒன்றையும் விட்டுவைக்காது.

அதனால்தான் நானே உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். தான் செய்யாத தவறுக்காக ஒரு மனிதர் தன்னையும் தண்டித்துக்கொண்டு, கை குலுக்கிக் கொடுத்த அனுமதியையும் திரும்ப வாங்குவது நியாயமில்லை. கேட்டைத் திறந்தது நான், அலிசனைக் கொன்றது நான் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். அது தெரிந்தால் அந்தச் சங்கிலிக்கு அவசியம் இருக்காது. எனக்குச் சிறை என்பது தெரியும். என்றைக்காவது வெளியே வருவேன் அல்லவா.

இந்த வாரம் வேண்டாம், அவர் மனம் கொஞ்சம் ஆறட்டும். போகும்போது பூட்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்லி எப்படி என்று கேளுங்கள். எடுத்த எடுப்பில் வயலைப் பற்றிப் பேசிவிடாதீர்கள்.