கிண்ணத்தின் அடியில் ஒரு பெயர்

— இங்க வாங்க. கிட்ட வாங்க, கடிக்க மாட்டேன். இந்தக் கிண்ணத்தோட கதையை இன்னிக்கு உங்களுக்கு முழுசாச் சொல்றேன்.

— ஜலஜா, மெதுவாப் பேசு. ஜன்னல் திறந்திருக்கு, பக்கத்து வீட்டு ஹயாஷி ஆன்ட்டிக்குக் கேக்கும்.

— கேக்கட்டும்! அவங்க கிண்ணம்தானே? அடியில என்ன வெட்டியிருக்கீங்க, படிங்க.

— ப. ஜலஜா, காப்பெல்.

— ஊர் பேர் வேற!

— சனிக்கிழமை கோயில்ல ஆளுக்கொண்ணு சமைச்சுக் கொண்டு போற பாட்லக்குக்குன்னு நீதான் எல்லாப் பாத்திரத்தையும் எடுத்து வச்சே. போன தடவை உன் இட்லிப் பானை மாறிப் போனதுக்கு ஒரு வாரம் திட்டு வாங்கினேன். அதான் பேர் வெட்டற மெஷின் ஆர்டர் பண்ணி வரிசையா வெட்டிட்டேன்.

— எவர்சில்வருக்கும் பீங்கானுக்கும் வித்தியாசம் தெரியாத இன்ஜினீயர்! நூறு வருஷத்துக்கு மேல பழசுங்க. ஜப்பான்லேர்ந்து இந்த அமெரிக்காவுக்குக் கப்பல்ல வந்தப்பகூட ஒரு கீறல் விழல. நம்ம வீட்டுக்கு வந்து மூணே வாரம்!

— அவ்வளவு பழசுன்னா ஷோகேஸ்ல வைக்காம, அதுல போய்ப் பழம் போட்டு அனுப்புவாங்களா?

— ஷோகேஸாம்! தினம் அதுலதான் சாதம் சாப்பிடுவாங்க. உங்க ஆபரேஷனுக்குன்னு தன் சாப்பாட்டுக் கிண்ணத்துலயே பழம் வச்சு நீட்டின மனுஷி.

— அப்பவே திருப்பிக் கொடுத்திருக்கலாமே?

— வெறும் கிண்ணத்தையா? எந்த வீட்ல அப்படிக் கொடுப்பாங்க? இன்னிக்குத்தான் நல்லா பால் பாயசம் வச்சேன். ஊத்தறதுக்கு முன்னாடி கழுவலாம்னு கவுத்தா... ஐயோ, இனிமே அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? இந்தத் தெருவுல எனக்குன்னு இருக்கறது அவங்க ஒருத்தர்தான்!

— வெட்டி முடிச்சப்புறம்தான் அவங்க கிண்ணம்னு கவனிச்சேன். காலையிலேயே எடுத்துட்டுப் போய்க் காட்டி, சாரி சொல்லிட்டேன்.

— என்கிட்ட சொல்லாமலா? அழுதாங்களா?

— சிரிச்சாங்க. உன் பேரை விரலால தடவித் தடவிப் பார்த்தாங்க.

— கதை விடாதீங்க. அப்போ கிண்ணம் ஏன் இன்னும் இங்கயே இருக்கு?

— வாங்கிக்கல. இதைச் சொல்லத்தான் காலையிலேர்ந்து வாயைத் திறக்கறேன், நீ விட்டாத்தானே. வெள்ளிக்கிழமை அவங்க பையன் வந்து முதியோர் ஹோம்ல சேக்கறானாம்.

— என்ன சொல்றீங்க?

— அங்க சாப்பாடு ட்ரேல ரூமுக்கே வந்துடுமாம். அதோ, அவங்க கொடுத்தனுப்பின அட்டைப்பெட்டியில அந்த செட்டோட மீதி நாலு கிண்ணமும் இருக்கு. அதுலயும் உன் பேரையே வெட்டச் சொன்னாங்க. பூட்டி வைக்காதீங்க, தினம் சாப்பிடுங்க, உங்க வீட்ல என்னிக்கும் கூட உக்காந்து சாப்பிட ஆள் இருக்கட்டும்னாங்க.