சன்னலோரச் சாட்சி

எர்சிலியா: ...உள்ள வா போர்த்தோலோ. காவல்காரன் வாசல்ல நின்னா என் ஒயின் கடைக்கு எவன் வருவான்?

போர்த்தோலோ: விசாரணைக்கு வந்திருக்கேன்க்கா. எதிர்ல நின்ன அவமானத் தூண் விழுந்து கிடக்கு.

எர்சிலியா: அட... அதான் இன்னைக்கு வெயில் அடுப்படி வரைக்கும் வருதா.

போர்த்தோலோ: விளையாடாதக்கா. மிலான் நீதிமன்றத்துலேர்ந்து நீதிபதி வந்துட்டாரு. கொள்ளைநோயைச் சுவர்ல தடவிப் பரப்பின நாவிதனோட தூணாச்சே, யார் தள்ளினதுன்னு...

எர்சிலியா: தடவினானா? நூத்தம்பது வருஷத்துக்கு முன்னால எவளோ ஒருத்தி பாத்தேன்னு சொன்னா. எலும்பை முறிச்சதும் அவனும் ஆமான்னான். நீயும்தான் சொல்லுவே.

போர்த்தோலோ: அவன் நிரபராதின்னு ஊருக்கே தெரியும். அவனைக் கொன்னு, அவன் வீட்டை இடிச்சு, அந்த இடத்துல தூணை நட்டதுதான் மிச்சம்.

எர்சிலியா: தெரியுதுல்ல, அப்புறம் என்ன?

போர்த்தோலோ: தள்ளினாங்கன்னா சிறை. தூணையும் திரும்ப நட்டுடுவாங்க. தானா விழுந்திருந்தா... சட்டப்படி அவமானச் சின்னத்தை மறுபடி நிறுத்தக் கூடாது.

எர்சிலியா: அப்போ தானாதான் விழுந்துச்சு.

போர்த்தோலோ: தூண்ல கயிறு தேய்ச்ச தடம் இருந்துச்சே.

எர்சிலியா: உன் உள்ளங்கையிலயும்தான் இருக்கு.

போர்த்தோலோ: ...அது கிணத்துக் கயிறு.

எர்சிலியா: ஓஹோ. ஆழமான கிணறு போல.

போர்த்தோலோ: தடத்தை உளியால கொத்தியாச்சு. இனி ஒரு சாட்சி போதும். உன் சன்னல்தான் தூணுக்கு நேர். வேதத்து மேல கை வச்சு, ஒருத்தரும் வரலைன்னு சொல்லு.

எர்சிலியா: எங்க குடும்பத்துல யாரும் சாட்சி சொல்றதில்ல.

போர்த்தோலோ: ஏன்?

எர்சிலியா: சொல்றதில்ல, விடு. சோளக்களி அடிபிடிக்குது.

போர்த்தோலோ: தெருவே உள்ள போயிடும்க்கா. உன் மருமகன்தான் முதல் ஆளா இழுத்தான்.

எர்சிலியா: தெரியும். அவனுக்குப் பின்னால நீ.

போர்த்தோலோ: ...பாத்துட்டியா?

எர்சிலியா: முழுசா பாத்தேன். அது சாஞ்சப்போ வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன்டா, சந்தோஷத்துல.

போர்த்தோலோ: அப்புறம் எதுக்குப் பயம்? பொய்ச் சத்தியம் பாவம்னா?

எர்சிலியா: இல்லடா... நாவிதனைப் பாத்தேன்னு சொன்னாளே, அவ எங்க தாத்தாவோட பாட்டி. இதே சன்னல். அவ பாக்காததைப் பாத்தேன்னு சொன்னா. நான் பாத்ததைப் பாக்கலைன்னு சொல்லப் போறேன். அந்தச் சால்வையை எடு, நீதிபதிகிட்ட போகலாம்.