டிரைவர் சாப்பிட்டாச்சு

மத்தியானம் இரண்டரை மணி. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத்து ரோட்டில் நாய்கூட இல்லை. பேய் ராத்திரிதான் வரும் என்று நினைப்பவர்கள் என் ரூம்மேட்டின் அத்தானைக் கேளுங்கள். அந்த ரோட்டில் அவர் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது அல்லவா...

அத்தான் அங்கே டெக்னீஷியன். வேலை இதுதான். நோயாளியின் குடலுக்குள் மெல்லிய குழாயை விடுவார்கள். தசை சுருங்கும்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஓர் அலை எழும். அலையைப் பார்த்து கம்ப்யூட்டரே 'பசி' என்றோ 'சாப்பாடு' என்றோ பேர் போடும். அலையே இல்லையென்றால் குடல் செத்துவிட்டது. அறுத்து எடுக்க வேண்டியதுதான்.

அன்றைக்குப் படுத்திருந்தவர் ஒரு லாரி டிரைவர். இரண்டு நாள் பட்டினி.

"சார், உங்க கம்ப்யூட்டராவது சாப்பிட்டுச்சா?"

"அது உங்களைத்தாண்ணே சாப்பிடுது. டெஸ்ட் முடியட்டும், வயிறு முட்டச் சாப்பிடலாம்."

டிரைவருக்கு ஓயாத இருமல். இருமலும் அலையாக விழும். ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்க இரண்டு மணி நேரம் ஆகும். அத்தான் வேண்டாத அலையை வடிகட்டும் ஃபில்டரைக் கடைசி எண் வரைக்கும் ஏற்றினார். இருமல் போனது. குடலும் போனது. நேர்கோடு. கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் அறுத்தார்கள். டிரைவர் மேஜையிலேயே போய்விட்டார். வெறும் வயிற்றோடு.

அதற்கடுத்த நாள் அத்தான் கம்ப்யூட்டரைத் திறந்தார். ஸ்பிரிட் வாடை. குழாய் கழுவித் தொங்குகிறது... டிரைவரின் ஃபைலில் அலை ஓடிக்கொண்டிருந்தது. 'பசி'.

அழித்தார். திரும்ப வந்தது.

அத்தானுக்குப் பயம் வந்தால் ஏதாவது தின்ன வேண்டும். டிபன் டப்பாவைத் திறந்து நாலு வாய் அள்ளிப் போட்டார். டிக்... 'சாப்பாடு'.

அன்றிலிருந்து எதைத் தின்றாலும் அவர் உடம்பில் ஒட்டவில்லை. ஒரே மாதத்தில் பெல்ட்டில் ஐந்து ஓட்டை புதிதாகப் போட்டார். "என்ன டயட்டுப்பா, எனக்கும் சொல்லேன்" என்று பக்கத்து சீட்டுக்காரர் நச்சரித்தார்.

கடைசியில் சாப்பாட்டையே நிறுத்தினார். மூன்று நாள். திரையில் பசி... பசி... பசி. அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார். செத்தவனைப் பட்டினி போட்டே சாகடித்துவிடலாம் என்று கணக்கு.

நாலாம் நாள். டிக். 'சாப்பாடு'.

வாயைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. வீட்டுக்கு போன் போட்டார். மனைவி எடுத்தாள்.

"பாப்பாவுக்கு ஊட்டிட்டிருக்கேங்க. மூணாவது கிண்ணம்... இன்னும் பசிக்குதுன்னு அழுவுது."