நிரஞ்சினியின் சப்பாத்து

பனி பார்க்கப் போவதென்றால் ஜூலையில் போக வேண்டும். ஜூன் தொடக்கத்திலேயே அவசரப்பட்டு ஓடிப்போய், வெறும் புல்லைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சிட்னியில் எங்கள் கிரவீனில் நிறையப் பேர். புல் தெரியாத மூலையாகப் பார்த்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். நான் அந்த மாதிரி ஆள் இல்லை. வானிலை பார்த்து, வீதி விசாரித்து, டயருக்குச் சங்கிலி வாங்கிக்கொண்டுதான் கிளம்புவேன்.

முதல் நாள் பொலிஸ் நிலையத்தில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். என் மனைவி நிரஞ்சினி ஏன் அந்தப் பனியில் சப்பாத்து இல்லாமல் நடந்தாள்? தெரியாது என்றேன். இன்று சொல்கிறேன். நீங்கள் குரலை உயர்த்தாமல் கேட்கிறீர்கள், அந்த மரியாதைக்காகத்தான். மொழிபெயர்க்க வந்திருக்கும் மோனிகா தமிழ்நாட்டுப் பிள்ளை. சப்பாத்து என்றதும் ஒரு கணம் நின்று, “ஷூதானே சார் சொல்றீங்க?” என்று கேட்டார். அதேதான்.

எங்கள் ஆட்கள் யாரும் சப்பாத்தோடு வீட்டுக்குள் வருவதில்லை. எந்தத் தமிழ் வீட்டு வாசலிலும் ஒரு சப்பாத்துத் தட்டு இருக்கும், அதைப் பார்த்தே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். எங்கள் வாசலிலும் இருந்தது. ஒரு மழைக் காலத்தில் எல்லாம் நனைந்து நாற்றமெடுக்க, நான் தட்டைக் கராஜுக்குள் கொண்டுபோய் வைத்தேன். கராஜில் சாமான்கள் இருப்பதால் அதைப் பூட்டுவது வழக்கம். திறப்பு, அதுதான் சாவி, என்னிடம் இருக்கும். அவ்வளவுதான் நடந்தது.

அவளுக்கு வெளியே போக வேண்டுமென்றால் என்னிடம் சொல்வாள், நான் எடுத்துக் கொடுப்பேன். ஒரு நாளும் மறுத்ததில்லை. எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு வருவாய் என்று மட்டும் கேட்பேன். கட்டிய மனிசியிடம் இதைக்கூடக் கேட்காதவன் என்ன புருஷன்? நான் வேலைக்குப் போயிருக்கும் நேரம் அவள் வீட்டில் இருப்பாள். வீட்டுக் கதவு உள்ளிருந்து எப்போதும் திறக்கும். நான் அவளைப் பூட்டி வைத்தேன் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். கொஞ்ச நாளில் அவளே கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

ராகவிதான் அதைக் குழப்பியது. பக்கத்து வீட்டில் இருக்கிற மதுரைப் பெண், வாய் ஓயாது. சிட்னிக்கு வந்த நாளிலிருந்து நிரஞ்சினியின் விசா என்னோடு கட்டியிருந்தது. என்னை விட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். அப்படியில்லை, இப்படி நடத்தப்பட்டவர்களுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று ராகவி வேலிக்கு மேலால் நின்று பாடம் எடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு நிரஞ்சினி சண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டாள்.

சண்டை பிடிக்கிறவள் போக மாட்டாள். சத்தம் போடாதவளுக்குத்தான் பயப்பட வேண்டும். ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்து ஃப்ரீசரைத் திறந்தேன். அடுக்கடுக்காகக் கறிகள். கோழி, கத்தரிக்காய், கணவாய், எல்லாம் ஒரு ஆள் சாப்பிடும் அளவில் கட்டி வைத்திருந்தாள். என் சேட்டுகள் முழுவதும் அயன் பண்ணித் தொங்கின. அவள் போகப் போகிறாள் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. அந்தப் பனிப் பயணத்தை ஒழுங்கு செய்தது அதனால்தான். தனியாக இருந்து கதைத்தால் சரிவரும் என்று நம்பினேன்.

நாங்கள் போன ஜிண்டபைன் அழகான இடம். மலைகளுக்கு நடுவே ஏரி, ஏரிக்கு அடியில் பழைய ஊர். அணை கட்டித் தண்ணீரை விட்டபோது சனத்தை மேட்டுக்கு மாற்றினார்களாம். ஏரிக்கரையில் வைத்திருந்த அந்தக் காலத்துப் படங்களை நாங்கள் நின்று பார்த்தோம். சாமான் ஏற்றிய லொறிகள், தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்கள்.

“பாவங்கள். எழும்பிப் போங்கோ எண்டால் எப்பிடி இருந்திருக்கும்,” என்றேன்.

“போறதுக்கு வேற இடம் குடுத்திருக்கினம்தானே,” என்றாள்.

எங்கள் காபின் ஊருக்கு வெளியே, ஏரியோரமாகப் போகும் வீதியில் இருந்தது. சுற்றிலும் வேறு வீடு இல்லை. நான்தான் அப்படிப் பார்த்து எடுத்தேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றினோம். வெளியே விட்டால் உறைந்துபோகும் என்று அவளுடையதைக் கார் டிக்கிக்குள் வைத்தேன். என்னுடையதை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். கார் ஓட்டுகிறவன் நான்தானே.

மறுநாள் காலை அவள் எழுந்து, முகம் கழுவி, தலை பின்னி, ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் கதிரையில் இருந்தாள். அவள் அப்படி நேரே பார்த்துக் கதைத்து வெகு காலம்.

“சப்பாத்தைத் தாங்கோ. நான் ஊருக்குள்ளை போகவேணும்.”

“என்னத்துக்கு?”

“ராகவி வாறா. நான் அவவோட போறன். இனி உங்களோட இருக்கேலாது.”

நான் கோபப்படவில்லை. வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. “இந்தக் குளிருக்கை எங்க போறது? பேசாமல் இரும். நான் போய்ப் பால் வாங்கியண்டு வாறன், பிறகு கதைப்பம்,” என்றேன். அவளுடைய போன் மேசையில் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

“அதை வைச்சிட்டுப் போங்கோ,” என்றாள்.

“கதவு திறந்துதான் கிடக்கு. உம்மை நான் பிடிச்சு வைக்கேல்லை,” என்றேன். அதுவும் உண்மைதான்.

கடையில் பாலும் பாணும் வாங்கிக்கொண்டு காருக்குள் வந்து இருந்தபோது அவள் போன் அடித்தது. ராகவி. எடுத்துக் காதில் வைத்தேன், ஒன்றும் பேசவில்லை.

“நிரு, நான் கூமா ஊரைத் தாண்டிட்டேன்டி. சொன்ன மாதிரி அந்த பேக்கரி வாசல்லயே நில்லு, என்ன? செம பனி கொட்டுது, நல்ல ஷூவா போட்டுட்டு வா. ஏய், கேக்குதா? பயப்படாத, நான் வந்துடுவேன்.”

அந்தக் குரலில் இருந்த உரிமையைக் கேட்க எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது. என் வீட்டுக்குள் இருந்துகொண்டு அவள் இன்னொருத்தியிடம் இவ்வளவு நெருங்கியிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லையே என்று. அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஒரு கோப்பி வாங்கி ஆறுதலாகக் குடித்தேன். காபினில் அவள் தனியே இருந்து யோசிக்கட்டும் என்று விட்டேன். கண்ணாடியெல்லாம் வெள்ளையான பிறகுதான் காரை எடுத்தேன்.

யாரும் கேட்பதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாக, அதாவது நர்ஸாக, வேலை செய்கிறேன். குளிரில் விறைத்து வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் உடம்பு உதறும். அது நல்ல அறிகுறி, உடம்பு இன்னும் போராடுகிறது. பிறகு நாக்குக் குழறும், கால் தடுமாறும். அதற்குப் பிறகு நடுக்கம் நின்றுவிடும். கூட வந்த சொந்தக்காரர்கள் ஆறுதலாக மூச்சு விடுவார்கள், இப்போது பரவாயில்லைப் போல என்பார்கள். நாங்கள் ஓடத் தொடங்குவது அப்போதுதான்.

வழியில் யாரையும் காணவில்லை என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். கண்டேன். ஊருக்கும் காபினுக்கும் நடுவில், வீதியோரமாக, ஊர்ப் பக்கம் பார்த்து வந்துகொண்டிருந்தாள். கம்பளிக் காலுறை மட்டும் போட்டிருந்தாள். அது நனைந்து, பனி ஒட்டி, கால் இரண்டும் வீங்கினது போலத் தெரிந்தது. நடை தள்ளாடியது. பேக்கரி வாசலுக்குத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு தூரம் வந்துவிட்டாளே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

கார் வருகிற சத்தம் கேட்டு அவள் கையை நீட்டினாள். அந்தப் பனியில் யாருடைய கார் என்று தெரிந்திருக்காது. யாரென்று தெரியாத ஒருவரை நம்பித்தான் நீட்டினாள். நான் வேகத்தைக் குறைத்தேன். கிட்டே வந்ததும் கண்ணாடிக்குள் என்னைக் கண்டாள். உடனே கையை இறக்கினாள். வீதியை விட்டு இறங்கி, ஏரிப் பக்கமாக மரங்களுக்குள் நடந்தாள். ஓட முயன்றாள் போலவும் இருந்தது.

அவள் உடம்பு நடுங்கவில்லை. அதை நான் கவனித்தேன். தொழில் பழக்கம், கவனிக்காமல் இருக்க முடியாது.

பின்னால் டிக்கியில் அவளுடைய சப்பாத்து இருந்தது. காருக்குள் ஹீட்டர் நன்றாக வேலை செய்தது. ஊரில் ராகவி வந்து காத்திருப்பாள். ஒரு போர்வை சுற்றி, காரைத் திருப்பி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் அவள் இன்று உயிரோடு இருப்பாள், ராகவி வீட்டில். நான் நிறுத்தவில்லை. காபினுக்குப் போய்த் தேத்தண்ணி போட்டு, யன்னல் பக்கம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். ராகவி திரும்பத் திரும்ப அழைத்தாள், சத்தத்தை நிறுத்தி வைத்தேன். இருட்டிய பிறகு, இனிப் போய்ப் பார்த்தும் பயனில்லை என்று நிச்சயமான பிறகுதான், மனைவியைக் காணவில்லை என்று உங்களுக்கு அழைத்தேன்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். மோனிகா, கடைசியாக ஒன்று, அதைச் சரியாகச் சொல்லுங்கள். அவள் அந்தக் கையை மட்டும் இறக்காமல் இருந்திருந்தால், நான் கட்டாயம் நிறுத்தியிருப்பேன்.