பொங்காத கல்

பூச்செடி வளர்ப்பதில் எனக்குப் பெரிய ஆசை கிடையாது. ஆனாலும் தங்கை றோசுக்கு வருடக்கணக்காகக் குரோட்டன் சாடிகள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவற்றை வீட்டின் கொங்கிறீற்று மேல்தட்டில் வைக்கச் சொன்னதும், காலையும் மாலையும் தண்ணீர் விடச் சொன்னதும் நான்தான். பெர்னடெட்டைப் போல ஒரு அக்கா கிடைக்க வேண்டும் என்று கொழும்புத்துறையில் பேசிக்கொள்வார்கள்.

கட்டட வேலைக்கு வரும் கல்லையும் மணலையும் சோதிக்கிற ஓர் ஆய்வுகூடத்தில் நான் வேலை பார்த்தேன். எங்கள் ஊர்ச் சுண்ணக்கல்லில் ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். சில லொறிக் கல்லில் சாம்பல் நிறத் துண்டுகள் கலந்திருக்கும். அமிலம் விட்டாலும் அவை சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதுதான் ஆபத்து. சீமெந்தின் காரமும் கடல் மணலின் உப்பும் பட்டு, மேலே ஈரமும் சேர்ந்தால், அந்தக் கல் பசையாகி ஊதும். கொங்கிறீற்று உள்ளிருந்தே வெடிக்கும். அதற்கு வருடங்கள் எடுக்கும். எனக்குப் பொறுமை உண்டு.

எண்பத்து மூன்றில் பிலிப்புவைப் பேசி வந்தது எனக்கு. பெண் பார்க்க வந்த அன்று றோஸ் தேநீர்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் செய்தது அவ்வளவுதான். அடுத்த கிழமை, இளையவளைத் தருவீர்களா என்று கேட்டு ஆள் வந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் ஓம் என்றேன். வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன். அவள் புதுச் சேலையை எனக்கு உடுத்திக் காட்டியபோதும் எரிந்தது.

சீதனத்துக்கு வீடு வேண்டும். மூத்தவளுக்கென்று வாங்கிப் போட்டிருந்த காணியில், என் சம்பளத்தையும் சேர்த்து, இளையவளுக்கு வீடு எழும்பியது. மேல்தட்டுக்குக் கல் வந்து இறங்கியதும் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, நீதானே உதுகளைப் படிச்சனி. ஒருக்காப் பார்த்துச் சொல்லு.”

கண்ணாலேயே தெரிந்தது. பாதிக்குப் பாதி சாம்பல் கல். அப்பாவுக்காக வெள்ளையாகப் பார்த்து ஒன்றைப் பொறுக்கி, அமிலம் விட்டுக் காட்டினேன். நன்றாகப் பொங்கியது.

“நல்ல கல் அப்பா. போடச் சொல்லுங்கோ.”

அப்போது எனக்குக் கொலை எண்ணம் எதுவும் இல்லை. அவளுடைய வீடு பாழாக வேண்டும், அவ்வளவுதான். ஞாயிறு பூசை முடிந்து சாடியும் கையுமாக அங்கே போவேன். தேநீர் குடித்தபடி அண்ணாந்து பார்ப்பேன். முதலில் மயிர் போலக் கோடுகள். பிறகு அவை வலை போலப் பின்னிக்கொண்டன. வெடிப்புகளில் வெள்ளைப் பசை கசிந்தது. அந்த ஞாயிறுகளில் எனக்கு நல்ல பசி எடுக்கும்.

தொண்ணூறுக்குப் பிறகு குண்டு போடும் விமானங்கள் அடிக்கடி வந்தன. அயலில் எல்லாம் ஓட்டு வீடுகள். சத்தம் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு றோசின் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். பிலிப்பு முற்றத்தில் பனங்குற்றி அடுக்கி, குழிக்குள் பதுங்கப் பங்கர் வெட்ட நினைத்தார். றோஸ் என்னிடம் கேட்டாள்.

“அக்கா, மேலை வெடிச்சுக் கிடக்கு, பாக்கப் பயமாக் கிடக்கு. பங்கர் வெட்டச் சொல்லட்டோ?”

“உது பூச்சு வெடிப்பு. கொங்கிறீற் இருக்கேக்கை பங்கர் என்னத்துக்கு? பாம்புதான் பூரும். பிள்ளையளை உள்ளுக்கை வைச்சிரு.”

அவள் நம்பினாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் நம்புவாள். அந்த மாதமே என் வீட்டு முற்றத்தில் ஆள் பிடித்துப் பங்கர் வெட்டுவித்தேன்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு காலை, குண்டு இரண்டு ஒழுங்கை தள்ளி விழுந்தது. மற்ற வீடுகளில் ஓடுகள்தான் நொறுங்கின. றோசின் வீட்டு மேல்தட்டு அப்படியே இறங்கியது. உள்ளே றோஸ், அவளுடைய இரண்டு பிள்ளைகள், பக்கத்து வீட்டு லூர்த்தம்மா. பிலிப்பு மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்தார். செத்த வீட்டில் எல்லோரும் விமானத்தைத் திட்டினார்கள். நானும் திட்டினேன்.

பிறகு இடிபாட்டில் ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்த்தேன். சாம்பல் கல்லைச் சுற்றி வெள்ளை வளையம், நான் படித்தபடியே. ஆகவே குண்டு காரணமில்லை. கல்லைப் போடச் சொன்னவள் நான். பங்கரைத் தடுத்தவளும் நான். நாலு பேரையும் நான்தான் கொன்றேன்.

பிலிப்பு இப்போது என் வீட்டில்தான் சாப்பிடுகிறார். நல்ல மீனாகப் பார்த்து வாங்கி ஒடியற் கூழ் காய்ச்சிக் கொடுக்கிறேன். என்னைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் கை கழுவி எழும்பும்போது, றோஸ் என்னைக் கூப்பிட்டது போலவே, “வாறன் அக்கா” என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

அவள் இன்னமும் குறுக்கேதான் நிற்கிறாள். இனி அவளை என்ன செய்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.